பில்ட்ரூட்டில் புதிய கம்பைலரைச் சேர்ப்பது எப்படி? நிம் மொழியை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

சிறு போர்டுகளுக்கான லினக்ஸ் அமைப்பை மூலநிரலிலிருந்து கட்டித் தரும் கருவி பில்ட்ரூட். அதில் ஒரு நூலகத்தையோ சிறு கருவியையோ சேர்த்துப் பழகியவர்கள், கம்பைலரையும் அதே கையோடு சேர்த்துவிடலாம் என்று இறங்கி மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நூலகம் போர்டில் ஓடும், அவ்வளவுதான். கம்பைலர் உங்கள் மேசைக் கணினியில் ஓடவேண்டும், அது ஈனும் நிரலோ போர்டில் ஓடவேண்டும். ஆக, வேலை ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போனால், பிழை வரும்போது எந்தப் பக்கத்துப் பிழை என்றே தெரியாது.

இங்கே நிம் மொழியின் 2.0 தொடரை எடுத்துக்கொள்கிறேன். அது மூலநிரலை முதலில் சி மொழிக்கு மாற்றி, பிறகு ஜிசிசி என்னும் சி கம்பைலரிடம் ஒப்படைக்கிறது. பில்ட்ரூட்டில் ஏற்கெனவே இருக்கும் க்ராஸ் கம்பைலரையே (ஒரு கணினியில் ஓடி வேறொன்றுக்கு நிரல் தருவது) அது பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், கம்பைலர் சேர்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ள ஏற்ற மொழி. கீழே தமிழில் ஒலிபெயர்த்திருக்கும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் முனையத்தில் அவற்றின் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். பில்ட்ரூட்டின் மாறிப் பெயர்கள் எப்போதும் பெரிய எழுத்து.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஒருமுறையாவது முழுமையாகக் கட்டி முடித்து, துவங்கவும் செய்த பில்ட்ரூட் அடைவு ஒன்று வேண்டும். டூல்செயினே (கம்பைலர், லிங்கர், சி நூலகம் சேர்ந்த தொகுதி) சரியாக இல்லாத நிலையில் கம்பைலரைச் சேர்க்க முயலாதீர்கள். பழி தவறான இடத்தில் விழும்.

உண்மையான போர்டு தேவையில்லை. க்யூஇஎம்யூ என்னும் போலிக் கணினிக்காகப் பில்ட்ரூட்டோடு வரும் அமைப்புகளே போதும். ஆனால் இரண்டு அமைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று ஆர்ம், மற்றொன்று எக்ஸ்86-64. மேசைக் கணினியும் டார்கெட்டும் (நிரல் ஓடப்போகும் போர்டு) ஒரே ரகமாக இருக்கும்போது மட்டும் தலைகாட்டும் பிழை ஒன்று இருக்கிறது. ஆர்மில் மட்டும் சோதிப்பவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. ஏழாம் படியில் அதைப் பார்ப்போம்.

பில்ட்ரூட்டின் மூல அடைவுக்குள் நேரடியாகக் கை வைக்கவேண்டாம். பிஆர்2_எக்ஸ்டர்னல் என்னும் வெளி அடைவு ஒன்றை உருவாக்கி அதற்குள் வேலை செய்யுங்கள். அதில் எக்ஸ்டர்னல்.டெஸ்க், எக்ஸ்டர்னல்.எம்கே, கான்ஃபிக்.இன் ஆகிய மூன்று கோப்புகளும் இருந்தே ஆகவேண்டும். பின்னிரண்டும் வெறுமையாகக்கூட இருக்கலாம், இல்லாமல் இருக்கக்கூடாது. அடுத்த பில்ட்ரூட் வெளியீட்டுக்கு மாறும்போது இந்த அடைவின் அருமை தெரியும்.

2. கம்பைலர் எதனால் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்

கம்பைலரைக் கட்டமைக்க எது தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தே பேக்கேஜின் வடிவம் அமையும்.

கோ மொழியில், சி மொழியில் எழுதப்பட்ட கடைசிக் கம்பைலர் 1.4. அடுத்த 1.5 முதல் கோ கம்பைலரைக் கட்டமைக்கக் கோவே வேண்டும். ஆகவே பில்ட்ரூட் 1.4-இல் தொடங்கி இடைப்பட்ட பதிப்புகளைப் படிப்படியாகக் கட்டி மேலேறுகிறது. ரஸ்ட்டுக்கும் முந்தைய ரஸ்ட் வேண்டும். அங்கே ஏணி மிக நீளம் என்பதால், ஆயத்தமாகத் தொகுத்து வைத்த கம்பைலரையே பதிவிறக்கும் வழி ஒன்று பில்ட்ரூட்டில் இருக்கிறது.

நிம்மும் நிம்மிலேயே எழுதப்பட்டதுதான். ஆனால் அதன் வெளியீட்டுத் தொகுப்பில், கம்பைலரை ஏற்கெனவே சி மொழிக்கு மாற்றிய கோப்புகள் சி_கோட் என்னும் அடைவில் கூடவே வருகின்றன. சாதாரண சி கம்பைலர் ஒன்று இருந்தால் போதும். இதில் கவனிக்கவேண்டியது: கிட் களஞ்சியத்திலிருந்து எடுக்கும் மூலநிரலில் இந்த அடைவு இருக்காது. அதிகாரபூர்வ வெளியீட்டுத் தொகுப்பைத்தான் எடுக்கவேண்டும்.

நீங்கள் சேர்க்கப்போவது வேறு மொழியாக இருந்தால், இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

3. பில்ட்ரூட்டுக்கு வெளியே, கையால் ஒருமுறை

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். தற்காலிக அடைவு ஒன்றில் தொகுப்பை விரித்து, பில்ட்.எஸ்ஹெச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ‘பின்’ என்னும் பெயருள்ள அடைவில் முதல் நிம் கிடைக்கும். அதைக் கொண்டு கோச் என்னும் உதவி நிரலைத் தொகுத்து, ‘கோச் பூட்’ கட்டளையை வெளியீட்டு முறையில் கொடுங்கள். நிம் தன்னையே மறுபடி தொகுத்துக்கொள்ளும்.

இனி ‘வணக்கம்’ என்று அச்சிடும் ஒரு வரி நிரலை எழுதி, பில்ட்ரூட்டின் அவுட்புட்/ஹோஸ்ட்/பின் அடைவில் உள்ள ஆர்ம் ஜிசிசியைக் காட்டித் தொகுத்து, க்யூஇஎம்யூவுக்குள் ஓட்டிப் பாருங்கள். ஓடினால், மீதமிருப்பது நீங்கள் இப்போது தட்டிய கட்டளைகளை மேக்ஃபைல் மொழியில் எழுதுவது மட்டுமே. ஓடாவிட்டால், பில்ட்ரூட்டின் பத்து அடுக்குகளுக்கு நடுவே தேடாமல் இங்கேயே சரிசெய்துவிடலாம். தட்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

4. அடைவின் பெயரும் மாறிகளின் பெயரும்

பேக்கேஜ்/நிம் என்ற அடைவில் மூன்று கோப்புகள் வேண்டும்: கான்ஃபிக்.இன்.ஹோஸ்ட், நிம்.எம்கே, நிம்.ஹாஷ்.

பில்ட்ரூட் பேக்கேஜின் பெயரை அடைவின் பெயரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அடைவு ‘நிம்’ என்றால், மாறிகள் ‘நிம்_’ அல்லது ‘ஹோஸ்ட்_நிம்_’ என்று தொடங்கவேண்டும் (ஹோஸ்ட் என்பது மேசைக் கணினி). அடைவுக்கு ‘நிம்-கம்பைலர்’ என்று பெயர் வைத்துவிட்டு, மாறிகளை ‘ஹோஸ்ட்_நிம்_’ என்றே எழுதினால் கட்டளைகளை பில்ட்ரூட் கண்டுகொள்ளாது. ஹோஸ்ட்_நிம்_பில்ட்_சிஎம்டிஎஸ் என்ற மாறியைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். கட்டளை இல்லாத படி வெற்றிகரமாக முடிந்ததாகவே கணக்காகும். திரையில் பிழை எதுவும் வராமல், ஹோஸ்ட் அடைவில் நிம்மும் இல்லாமல் இருந்தால் முதலில் பெயரைப் பாருங்கள்.

கோப்பின் கடைசி வரியில் ஹோஸ்ட்-ஜெனரிக்-பேக்கேஜை அழையுங்கள். ஜெனரிக்-பேக்கேஜ் வேண்டாம். அது போர்டில் ஓடும் பேக்கேஜுக்கானது. போர்டிலேயே கம்பைலர் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தேவைப்படுவது போர்டில் ஓடும் நிரல்தான், கம்பைலர் அல்ல.

5. பதிவிறக்கமும் ஹாஷும்

பதிப்பு, தளம், மூலக்கோப்பு, உரிமம், உரிமக்கோப்பு ஆகிய ஐந்தையும் நிரப்புங்கள். நிம்மின் உரிமம் எம்ஐடி. உரிமக்கோப்பின் பெயர் காப்பியிங்.டிஎக்ஸ்டி. பழக்கத்தில் ‘லைசென்ஸ்’ என்று எழுதிவிட்டால், உரிமங்களைத் திரட்டும் மேக் லீகல்-இன்ஃபோ ஓட்டும் நாளில் சிக்கும்.

ஹாஷ் கோப்பில் (கோப்புகள் மாறாமல் வந்தனவா என்று சரிபார்க்கும் மதிப்புகள் இருப்பது) மூலத் தொகுப்புக்கும் உரிமக்கோப்புக்கும் தனித்தனி வரி. ஹாஷ் வகை, மதிப்பு, கோப்புப் பெயர் ஆகியவற்றுக்கு நடுவே இரண்டு இடைவெளி விடுவது பில்ட்ரூட் வழக்கம். செக்-பேக்கேஜ் கருவி இதைச் சொல்லிக்காட்டும்.

6. மேசைக் கணினிக்காகக் கட்டமைத்து நிறுவுதல்

கட்டமைப்புப் படியில் மூன்றே கட்டளைகள்: பில்ட்.எஸ்ஹெச், கோச் தொகுப்பு, கோச் பூட். மூன்றாம் படியில் எழுதி வைத்தவைதான்.

பில்ட்.எஸ்ஹெச், சிசி என்னும் சூழல் மாறியைப் படித்து அதில் உள்ள கம்பைலரைப் பயன்படுத்தும். ஆகவே இதற்கு ஹோஸ்ட்_கான்ஃபிகர்_ஆப்ட்ஸ் கொடுக்கவேண்டும். வேறொரு பேக்கேஜிலிருந்து வரிகளைப் பிரதி எடுத்தவர்கள் டார்கெட்_கான்ஃபிகர்_ஆப்ட்ஸ் கொடுத்துவிடுவார்கள். அப்போது டார்கெட் 64-பிட் ஆர்ம் என்றால், அந்தச் செயலிக்கான நிம் உருவாகி, அடுத்த வரியில் அதையே இந்தக் கணினியில் ஓட்ட முயன்று, ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று நிற்கும். இந்தச் செய்தி வந்தால் தேடவே வேண்டாம், காரணம் இதுதான்.

நிறுவும் படியில்தான் சூட்சுமம். நிம் தன் நூலகங்களைத் தன் இருமக் கோப்பு இருக்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது: பின் அடைவுக்கு ஒரு படி மேலே போய், அங்கே லிப் அடைவைத் தேடும். இருமக் கோப்பை மட்டும் ஹோஸ்ட்/பின் அடைவில் போட்டால், அது ஹோஸ்ட்/லிப் அடைவுக்குள் சிஸ்டம்.நிம் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடும்.

சரியான வழி: பின், லிப், கான்ஃபிக் ஆகிய மூன்று அடைவுகளையும் ஹோஸ்ட்/லிப்/நிம் என்ற இடத்தில் முழுமையாகப் பிரதி எடுங்கள். ஹோஸ்ட்/பின் அடைவில் நிம் என்ற பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பை மட்டும் வையுங்கள். லினக்ஸில் நிம் இணைப்பைத் தாண்டி உண்மையான இடத்தைப் பார்க்கும் என்பதால் எல்லாம் கிடைத்துவிடும். இணைப்பு சார்பு முகவரியாக இருக்கட்டும். முழு முகவரி வைத்தால், பேக்கேஜ் வாரியாகத் தனி அடைவுகளில் கட்டமைக்கும்போதும் எஸ்டிகேயை (பிறர் பயன்படுத்தக் கட்டித் தரும் டூல்செயின் தொகுப்பு) வேறு கணினிக்கு மாற்றும்போதும் அறுந்துபோகும். பில்ட்ரூட்டின் கோ பேக்கேஜும் இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது.

கான்ஃபிக் அடைவை மறந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அது இல்லையென்றால் நிம் பிழை சொல்லாது, ஈடிசி/நிம் அடைவில் உள்ள அமைப்பைத் தேடிப் போகும். உங்கள் கணினியில் ஏற்கெனவே நிம் நிறுவியிருந்தால் அதன் அமைப்பு உள்ளே வந்துவிடும். உங்களிடம் வேலை செய்யும், சக ஊழியரிடம் செய்யாது.

7. சரியான சி கம்பைலரை நிம்முக்குக் காட்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பொறுமையாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

முதலில் செயலியின் பெயர். பில்ட்ரூட் ‘ஏஆர்ச்64’ என்பதை நிம் ‘ஆர்ம்64’ என்கிறது. பில்ட்ரூட்டின் ‘எக்ஸ்86_64’ நிம்முக்கு ‘ஏஎம்டி64’. ஆகவே கான்ஃபிக்.இன்.ஹோஸ்ட் கோப்பில் அமைப்பு மெனுவில் தெரியாத, மறைவான இரண்டு குறிகளை எழுதுங்கள்: இந்த டார்கெட்டை நிம் ஆதரிக்கிறதா என்பது ஒன்று, நிம் வழக்கில் அதன் பெயர் என்ன என்பது மற்றொன்று. முதல் குறியின் பெயர் ‘டார்கெட்_ஆர்ச்_சப்போர்ட்ஸ்’ என்று முடியட்டும். ரஸ்ட், கோ பேக்கேஜ்களில் உள்ள மரபு அது. பட்டியலில் ஆர்மின் பிக் எண்டியன் வகையை (எண்ணின் உயர் பைட்டை முதலில் வைப்பது) சேர்க்காதீர்கள். நிம் அறிந்த ‘ஆர்ம்’ லிட்டில் எண்டியன் மட்டுமே.

பெயரை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? 32-பிட் டார்கெட்டுக்கு 64-பிட் பெயரைக் கொடுத்தால், நிம்முக்கும் சி கம்பைலருக்கும் பாயின்டர் அளவு பொருந்தவில்லை என்ற தெளிவான பிழை வரும். நிம்பேஸ்.ஹெச் கோப்பிலேயே அந்தச் சோதனை இருக்கிறது. ஆனால் ஆர்ம்64-க்குப் பதில் ரிஸ்க்வி64 என்று கொடுத்தால் இரண்டும் 64-பிட் என்பதால் அந்தச் சோதனை வாய் திறக்காது.

அடுத்தது சி கம்பைலரின் பெயர். இங்கே சூழல் மாறியில் சிசி கொடுத்துப் பயனில்லை. நிம் இயல்பாகத் தன் அமைப்புக் கோப்பைத்தான் பார்க்கும். அதில் தேடும் முறை இப்படி: தொகுக்கும் கணினியும் டார்கெட்டும் வேறு வேறு ரகம் என்றால், ‘செயலி.ஓஎஸ்.ஜிசிசி.எக்ஸி’ என்ற நீண்ட சாவியைத் தேடும். அது இல்லையென்றால் ‘ஜிசிசி.எக்ஸி’ என்ற குறுஞ்சாவி. இரண்டும் ஒரே ரகம் என்றால் நேராகக் குறுஞ்சாவிதான்.

இதிலிருந்து இரண்டு பொறிகள் பிறக்கின்றன.

முதலாவது: நிம்மோடு வரும் அமைப்புக் கோப்பில் ஆர்ம் லினக்ஸுக்கான நீண்ட சாவி ‘ஆர்ம்-லினக்ஸ்-ஜிசிசி’ என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பில்ட்ரூட் தானே கட்டும் டூல்செயினில் அதே பெயரில் ஒரு குறுக்குப் பெயரையும் வைக்கிறது. ஆக, ஆர்மில் நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் வேலை நடந்துவிடும். நீங்கள் கொடுத்த குறுஞ்சாவியை யாரும் படிக்கவே இல்லை என்பது தெரியாமலே போகும். வெளியிலிருந்து எடுத்த டூல்செயினுக்கு மாறும்போது உடையும்.

இரண்டாவது இன்னும் பொல்லாதது. டார்கெட் எக்ஸ்86-64, உங்கள் கணினியும் அதுவே என்றால், நிம்மைப் பொறுத்தவரை இது க்ராஸ் தொகுப்பே அல்ல. நீண்ட சாவியை மட்டும் எழுதியிருந்தால் அது புறக்கணிக்கப்படும். பாதையில் கிடைக்கும் சாதாரண ஜிசிசி, உங்கள் கணினியின் ஜிலிப்சி என்னும் சி நூலகத்தோடு நிரலை இணைத்துத் தந்துவிடும். தொகுப்பு வெற்றி. பில்ட்ரூட் டார்கெட்டின் இருமக் கோப்புகளைச் செயலி வாரியாகச் சரிபார்க்கும், ஆனால் செயலி ஒன்றுதானே, அதுவும் தேறிவிடும். போர்டில் ஓட்டும்போதுதான் ‘ஜிலிப்சி இன்ன பதிப்பு கிடைக்கவில்லை’ என்று நிற்கும். இரு பக்கத்து ஜிலிப்சியும் நெருங்கிய பதிப்பாக இருந்துவிட்டால் அதுவும் நிற்காது. அப்படி ஓடிவிடுவதுதான் மிக மோசம்.

தீர்வு எளிது: நீண்ட சாவி, குறுஞ்சாவி இரண்டையும் எப்போதும் கொடுங்கள். ‘எக்ஸி’ (தொகுக்கும் நிரல்), ‘லிங்கர்எக்ஸி’ (இணைக்கும் நிரல்) இரண்டுக்கும் கொடுங்கள், ஆக மொத்தம் நான்கு. மதிப்பு டார்கெட்_சிசி. இவற்றை அமைப்புக் கோப்பில் எழுதாமல் கட்டளை வரியில் கொடுப்பதே நல்லது. கோப்பில் எழுதினால் முழு முகவரிகள் உள்ளே உறைந்துவிடும்.

சிஸ்ரூட் (டார்கெட்டின் நூலகங்களும் தலைப்புக் கோப்புகளும் இருக்கும் அடைவு) பற்றிக் கவலை வேண்டாம். பில்ட்ரூட்டின் ஜிசிசி உண்மையில் ஓர் உறை நிரல். சிஸ்ரூட்டையும் செயலித் தேர்வுகளையும் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

8. எல்லா நிரல்களுக்கும் பொதுவான தேர்வுகள்

நிம்.எம்கே கோப்பிலேயே நிம்_டார்கெட்_ஆப்ட்ஸ் என்று ஒரு மாறி வைத்து, மேலே சொன்ன நான்கு சாவிகளோடு கீழ்க்கண்டவற்றையும் அதில் போடுங்கள். நிம்மில் எழுதிய ஒவ்வொரு பேக்கேஜும் இந்த ஒரு மாறியை அழைத்தால் போதும்.

‘--ஸ்கிப்யூசர்சிஎஃப்ஜி’, ‘--ஸ்கிப்பேரன்ட்சிஎஃப்ஜி’ இரண்டும் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் இல்ல அடைவில் உள்ள நிம் அமைப்பும், மேலடுக்கு அடைவுகளில் உள்ள அமைப்புகளும் உள்ளே நுழையும்.

‘--நிம்கேஷ்’ தேர்வில் பேக்கேஜின் கட்டமைப்பு அடைவைக் கொடுங்கள். இயல்பில் நிம் இடைக்கோப்புகளை இல்ல அடைவின் கேஷில் போடும். பேக்கேஜின் கட்டமைப்பு அடைவை அழிக்கும் டர்க்ளீன் கொடுத்தாலும் அவை அழியாது, இரண்டு கட்டமைப்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதும். கோச்சைத் தொகுக்கும்போதும் இது பொருந்தும்.

டார்கெட்_சிஃப்ளாக்ஸ் ‘--பாஸ்சி’ வழியாகவும், டார்கெட்_எல்டிஃப்ளாக்ஸ் ‘--பாஸ்எல்’ வழியாகவும் போகட்டும். நிம்மின் வெளியீட்டு முறை தன் பங்குக்கு ஓ3-ஐச் சேர்க்கும். ஃப்ளாஷ் இடம் குறைவு என்றால் ‘--ஆப்ட்:சைஸ்’ கொடுங்கள். ‘--பேரலல்பில்ட்’ தேர்வில் பேரலல்_ஜாப்ஸ் மதிப்பைக் கொடுத்தால், பில்ட்ரூட்டில் நீங்கள் விதித்த வரம்பை நிம் மதிக்கும்.

நிம் 2.0 முதல் த்ரெட்கள் இயல்பிலேயே இயங்குநிலையில் இருக்கின்றன. ஆகவே ஒன்று, பேக்கேஜின் கான்ஃபிக்.இன் கோப்பில் டூல்செயினுக்கு த்ரெட் ஆதரவு வேண்டும் என்று நிபந்தனை எழுதுங்கள். அல்லது ‘--த்ரெட்ஸ்:ஆஃப்’ கொடுங்கள்.

9. நூலகங்கள்: நெட்வொர்க்கும் டிஎல்ஓப்பனும்

நிம்பிள் என்னும் பேக்கேஜ் மேலாளரைக் கட்டமைப்புப் படியில் அழைக்காதீர்கள். அது அந்த நேரத்தில் இணையத்துக்குப் போய் நூலகங்களை இறக்கும். பில்ட்ரூட்டின் விதி, எல்லா மூலநிரலும் பதிவிறக்கப் படியிலேயே வந்து ஹாஷ் சரிபார்க்கப்படவேண்டும் என்பது. இணையம் இல்லாத கட்டமைப்புச் சர்வரில் நிம்பிள் வழி அப்படியே படுத்துவிடும். தேவையான ஒவ்வொரு நூலகத்தையும் தனிப் பேக்கேஜாக எழுதி, ‘--பாத்’ தேர்வில் அதன் அடைவைக் காட்டுங்கள். பத்து நூலகம் வேண்டும் என்றால் சலிப்பான வேலைதான், ஆனால் சுருக்கு வழி எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்தது மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல். நிம்மின் செந்தர நூலகம் அதைத் தொகுக்கும்போது இணைப்பதில்லை, ஓடும்போது டிஎல்ஓப்பன் மூலம் திறக்கிறது. ஆகவே பேக்கேஜின் சார்புப் பட்டியலில் ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லாவிட்டாலும் தொகுப்பு தேறும். தேவையான நூலகங்கள் என்று ரீட்எல்ஃப் கருவி காட்டும் ‘நீடட்’ வரிகளிலும் அதன் பெயர் இருக்காது. போர்டில் முதல் ஹெச்டிடிபிஎஸ் அழைப்பின்போது ‘லிப்எஸ்எஸ்எல்-ஐ ஏற்ற முடியவில்லை’ என்று விழும்.

சார்பைக் கையால் எழுதுவது ஒரு வழி. நான் விரும்புவது மற்றது: ‘--டைன்லிப்ஓவர்ரைட்’ தேர்வை எஸ்எஸ்எல், க்ரிப்டோ இரண்டுக்கும் கொடுத்து, ‘--பாஸ்எல்’ வழியாக அவற்றை நேரடியாக இணைப்பது. நூலகம் இல்லையென்றால் உங்கள் மேசையிலேயே தெரிந்துவிடும். முழுக்க ஸ்டேட்டிக்காகக் கட்டும் அமைப்பில் டிஎல்ஓப்பனுக்கு வழியில்லை என்பதால், அங்கே இது ஒன்றே வழி.

10. சரிபார்த்தல்

முதல் சோதனைக்கு ‘--லிஸ்ட்சிஎம்டி’ தேர்வைச் சேர்த்துத் தொகுங்கள். நிம் அழைக்கும் ஒவ்வொரு ஜிசிசி கட்டளையும் திரையில் வரும். அவற்றில் ஒவ்வொன்றும் அவுட்புட்/ஹோஸ்ட்/பின் முகவரியோடு தொடங்கவேண்டும். கடைசி வரியை, அதாவது இணைப்புக் கட்டளையை, குறிப்பாகப் பாருங்கள். ‘எக்ஸி’ கொடுத்து ‘லிங்கர்எக்ஸி’யை மறந்தவர்கள் அங்கேதான் பிடிபடுவார்கள்.

பிறகு ஃபைல் கட்டளை. ஆர்ம் ஹார்ட் ஃப்ளோட் ஜிலிப்சி டார்கெட் என்றால் இன்டர்ப்ரெட்டர் (நிரலை ஏற்றித் தொடங்கி வைப்பது) ‘எல்டி-லினக்ஸ்-ஆர்ம்ஹெச்எஃப்.எஸ்ஓ.3’ என்று இருக்கவேண்டும். மசல் என்னும் சி நூலகம் கொண்ட டார்கெட் என்றால் ‘எல்டி-மசல்’ என்று தொடங்கும். எக்ஸ்86-64 ஜிலிப்சியில் மட்டும் இது உதவாது. இரு பக்கமும் ஒரே இன்டர்ப்ரெட்டர் பெயர்தான். அங்கே லிஸ்ட்சிஎம்டியை மட்டுமே நம்புங்கள்.

இதையெல்லாம் உங்கள் இல்ல அடைவைத் தொடாமல் செய்துபார்க்க, ஹோம் மாறிக்கு வெறும் அடைவு ஒன்றைக் கொடுத்து, சுத்தமான அவுட்புட் அடைவில் முழுமையாகக் கட்டமைத்துப் பாருங்கள். முடிந்தபின் அந்த வெறும் அடைவுக்குள் நிம்மின் கேஷ் அடைவு முளைத்திருந்தால், ஏதோ ஒரு பேக்கேஜில் ‘--நிம்கேஷ்’ விடுபட்டிருக்கிறது.

இறுதியாக டெஸ்ட்-பிகேஜி ஸ்கிரிப்ட். நிம்மில் எழுதிய ஒரு பேக்கேஜைத் தேர்ந்தெடுக்கும் சிறு அமைப்புத் துண்டைக் கொடுத்தால், பல டூல்செயின்களில் அதைக் கட்டிப் பார்க்கும். முடிவில் வரும் ‘ஸ்கிப்டு’ எண்ணிக்கையைத் தேர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் நிபந்தனைகள் அந்த டூல்செயினில் நிறைவேறாததால் பேக்கேஜ் தேர்விலேயே வரவில்லை என்பதுதான் அதன் பொருள். பிக் எண்டியன் ஆர்மில் ஸ்கிப்டு வந்தால் சரி. சாதாரண ஏஆர்ச்64-இல் வந்தால், ஏழாம் படியில் எழுதிய மறைவான குறிக்குத் திரும்பிப் போய், செயலிப் பட்டியலில் எதை விட்டீர்கள் என்று பாருங்கள்.